சத்தமும் மின்செலவும் குறைந்த வீட்டுக் கணினி: கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு கடைக்குள் நுழைந்து வீட்டுக்குக் கணினி வேண்டும் என்று சொன்னால், பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி ‘கேமிங்கா, ஆபீஸ் வேலையா?’ என்பதுதான். ‘ஆபீஸ் வேலை’ என்று பதில் சொன்னாலும் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி), முகப்பில் விளக்கெரியும் மூன்று விசிறிகள், தேவையற்ற கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றோடு ஒரு பெரிய கேபினட் மேசைக்கு வந்து சேருகிறது. அந்த இயந்திரம் வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு வீடு அடங்கியபின் அதன் இரைச்சல் அடுத்த அறைவரை கேட்கும். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டரை அதுவே காலி செய்யும்.

இங்கே சொல்லப்படும் முறை வெப்பத்திலிருந்து தொடங்குகிறது. கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது; அந்த வெப்பத்தை வெளியேற்றத்தான் விசிறி; விசிறி சுழல்வதால்தான் சத்தம். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வாழ்பவர்களுக்கு இந்தச் சங்கிலியில் இன்னொரு கண்ணியும் உண்டு. விசிறி உள்ளே இழுக்கும் ஒவ்வொரு கன அடிக் காற்றிலும் உப்பும் ஈரமும் இருக்கின்றன. ஆகவே வாட் அளவைக் குறைப்பவர் மின்கட்டணத்தையும் சத்தத்தையும் குறைப்பதோடு, மதர்போர்டின் (உறுப்புகளை எல்லாம் இணைக்கும் தாய்ப்பலகையின்) ஆயுளையும் கூட்டுகிறார். உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு படியிலும் இந்த அளவுகோலையே பயன்படுத்தியிருக்கிறேன்.

படி 1: வேலையையும் ஓடும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்

பிள்ளைகளின் இணைய வகுப்பு, தமிழ்த் தட்டச்சு, கணக்கு மென்பொருள், அரசுப் படிவங்கள், யூடியூப், குடும்பப் புகைப்படங்களைச் சேமித்தல் ஆகியவைதான் தேவை என்றால், இன்று சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய, நான்கு கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) கொண்ட பிராசஸரே போதும். காணொளித் தொகுப்பு, வரைபட மென்பொருள், நிரல் எழுதித் தொகுத்தல் போன்றவை வாரத்தில் சில மணி நேரமாவது உண்டு என்றால் அடுத்த நிலைக்குச் செல்ல வேண்டும். கனமான விளையாட்டுகள் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது. தனிக் கிராபிக்ஸ் கார்டு வந்தபின் இங்கே சொல்லும் கணக்குகள் எல்லாம் மாறிவிடும்.

அடுத்து, கணினி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று கணக்கிடுங்கள். சராசரியாக 60 வாட் இழுக்கும் இயந்திரம் நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால், 60 நாளில் 28.8 யூனிட் ஆகும். அதே வேலையை 10 வாட்டில் முடிக்கும் இயந்திரத்துக்கு 4.8 யூனிட் போதும். புகைப்படச் சேமிப்புக்காகவோ கேமரா பதிவுக்காகவோ இரவுபகலாக ஓடவிட்டால், முதலாவது 86.4 யூனிட்டையும் இரண்டாவது 14.4 யூனிட்டையும் எடுத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கூடுதல் விலை விழுகிறது. குளிர்சாதனம் ஓடும் மே, ஜூன் மாதங்களில் பல வீடுகள் அந்த எல்லைக்கு அருகில் நிற்பதால், 70 யூனிட் வேறுபாடு என்பது வெறும் 70 யூனிட்டின் விலையோடு முடிவதில்லை. புதுச்சேரிக்கு மின்துறையும் கட்டண அடுக்குகளும் வேறு என்பதால், அங்கே இருப்பவர்கள் தங்கள் ரசீதை வைத்துக் கணக்கிட வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் கணினியைத் திறப்பவர்களுக்கு மின்கட்டணம் பெரிய காரணமாக இராது என்பதையும் சொல்லியாக வேண்டும்; அவர்களுக்குச் சத்தமும் மின்தடையும்தான் காரணங்கள்.

படி 2: பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள்

பிராசஸர் விவரத்தில் டி.டி.பி. என்று ஓர் எண் இருக்கும். தொடர்ந்து சுமை ஏற்றும்போது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றத் தயாராக இருக்க வேண்டும் என்பதை அது கூறுகிறது. கணினி சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. உச்ச அளவுகூட அதைவிட மேலே போகும். எடுத்துக்காட்டாக இன்டெல் ஐ3-12100 பிராசஸரின் அடிப்படை அளவு 60 வாட், உச்ச அளவு 89 வாட்.

வீட்டுக் கணினி தன் நேரத்தின் பெரும்பகுதியை அடுத்த விசை அழுத்தத்துக்காகக் காத்திருப்பதிலேயே கழிக்கிறது. ஆகையால் மின்கட்டணத்தை முடிவுசெய்வது ஓய்வுநிலைச் செலவு. விசிறி எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதை முடிவுசெய்வது உச்சச் செலவு. இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பழகினால் கடைக்காரரின் பேச்சில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

இதில் அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். இன்டெல் பிராசஸர்களில் எண்ணுக்குப் பின் ‘டி’ எழுத்து வரும் வகைகள் 35 வாட் என்று விற்கப்படுகின்றன. ஐ3-12100, ஐ3-12100டி ஆகிய இரண்டும் ஓய்வுநிலையில் ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கும். ‘டி’ வகையில் உச்சம் மட்டும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டைப் பல மதர்போர்டுகளில் பயாஸ் என்னும் தொடக்க அமைப்புக்குள் சென்று நாமே விதித்துக்கொள்ளலாம். அதனால் ‘டி’ வகைக்காகக் கூடுதல் விலை கொடுப்பதிலோ, அதைத் தேடி மாதக்கணக்கில் காத்திருப்பதிலோ பொருளில்லை.

உண்மையான அளவு எது என்றால், பிளக்கில் பொருத்தும் வாட் மீட்டர் காட்டுவதுதான். ஆற்றலை அளக்கும் ஸ்மார்ட் பிளக்கும் இதற்கு உதவும். கணினி வாங்கும் முன்பே ஒன்றை வாங்கி, இப்போது வீட்டில் இருக்கும் பழைய இயந்திரத்தை அளந்து பார்த்துவிடுங்கள்.

படி 3: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி, ஆயத்தமாக வரும் மினி பி.சி. இரண்டாவது, அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த ஒரு லிட்டர் அளவுள்ள சிறு கணினிகள். லெனோவோவின் தின்க்சென்டர் டைனி, டெல்லின் ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, எச்.பி.யின் எலைட்டெஸ்க் மினி ஆகியவை இந்த வகை. மூன்றாவது, உறுப்புகளைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டுவது.

பூட்டுவதில் கிடைக்கும் மகிழ்ச்சி எனக்கும் தெரியும். ஆனாலும் முதல் நிலைத் தேவை உள்ள வீட்டுக்கு முதல் இரண்டு வழிகளையே பரிந்துரைக்கிறேன். மடிக்கணினி வகை மதர்போர்டு, வெளி அடாப்டர், ஒற்றைச் சிறு விசிறி என்று அவை தொடக்கத்திலிருந்தே குறைந்த செலவுக்காக வடிவமைக்கப்பட்டவை என்பதால், கையால் பூட்டிய கணினி அவற்றின் ஓய்வுநிலை அளவை எட்டுவது கடினம்.

பழைய அலுவலகக் கணினிகளைச் சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் புதுப்பித்து விற்கிறார்கள். வாங்கும்போது பிராசஸரின் தலைமுறையைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஐ5-8500டி கொண்ட பெட்டி அந்த எல்லைக்கு உள்ளே வருகிறது, ஐ5-7500டி வராது. லினக்ஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அடாப்டரையும் சேர்த்துத் தருகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இந்த நிறுவனங்களின் பெட்டிகள் தங்களுக்கே உரிய அடாப்டரைத்தான் ஏற்கும், அதைப் பின்னர் தனியே தேடுவது தொல்லை.

படி 4: பிராசஸர்

முதல் நிலைக்கு இன்டெல் என்100 என்ற 2023ஆம் ஆண்டுச் சில்லு இன்றும் பொருத்தமானது. நான்கு கோர்கள், 3.4 கிகாஹெர்ட்ஸ் உச்ச வேகம், 6 வாட் டி.டி.பி. என்பது அதன் விவரம். மினி பி.சி. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இந்த 6 வாட் எல்லையைத் தளர்த்தி விற்பதால், முழுச் சுமையில் பிளக்கில் 20 முதல் 30 வாட் வரை காட்டலாம். ஓய்வில் 6 முதல் 10 வாட்டுக்குள் நிற்கும். இதன் குறையையும் தெரிந்துகொள்ள வேண்டும்: ராமுக்கு (தற்காலிக நினைவகத்துக்கு) ஒரே ஒரு தடம்தான், இன்டெல் அறிவித்த உச்ச அளவு 16 ஜி.பி. அதற்குப் பின் வந்த என்150 சற்றே வேகம் கூடியது. இரண்டுக்கும் விலை ஒன்றானால் அதை எடுக்கலாம், விலை கூடினால் வேண்டியதில்லை. எட்டு கோர்கள் உள்ள ஐ3-என்305 15 வாட் வகையைச் சேர்ந்தது. வீட்டில் ஒரு சிறு சர்வரும் ஓட வேண்டும் என்பவர்களுக்கு அது ஏற்றது.

இரண்டாம் நிலைக்கு ஐ3-12100, ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி ஆகிய இரண்டையும் ஒப்பிட வேண்டும். ரைசனில் ஆறு கோர்கள். காணொளித் தொகுப்பிலும் நிரல் தொகுப்பிலும் அது முந்தும். ஐ3-இல் நான்கு கோர்கள்தான் என்றாலும், ஏ.வி.1 என்ற காணொளி வடிவத்தை வன்பொருளிலேயே விரித்துக் காட்டும் திறன் அதற்கு உண்டு; 5600ஜி-யில் அது இல்லை. யூடியூப் பல காணொளிகளை இப்போது ஏ.வி.1 வடிவில் அனுப்புகிறது. வன்பொருள் உதவி இல்லாத இடத்தில் அந்த வேலை முழுவதும் கோர்களின் தலையில் விழும். விசிறி எழுந்து சுழலும். உலாவியில் ஏ.வி.1-ஐ நிறுத்தி வி.பி.9 வடிவத்தைக் கேட்டுப் பெறும் வழி உண்டு என்றாலும், வீட்டில் எல்லோரும் அதைச் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. படம் பார்ப்பதே முதன்மை வேலையாக உள்ள வீட்டுக்கு ஐ3 அல்லது என்100 என்பதே என் முடிவு.

ஏ.எம்.டி. பக்கம் செல்பவர்கள் ‘ஜி’ எழுத்துள்ள வகையையே கேட்க வேண்டும். 5600 போன்ற ‘ஜி’ இல்லாத வகைகளில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் இல்லை. மேலும் அவை இரண்டு மூன்று சில்லுகளை ஒரே தளத்தில் இணைத்து உருவாக்கப்பட்டவை என்பதால், சும்மா இருக்கும்போதே கூடுதலாக இழுக்கும். 5600ஜி ஒற்றைச் சில்லு. இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடியும் எண்களைத் தவிர்த்துவிடுங்கள். சில நூறு ரூபாய் மலிவாக இருக்கும், ஆனால் படம் காட்டவே தனிக் கார்டு வாங்க வேண்டி வரும்.

படி 5: மதர்போர்டும் ராமும்

மதர்போர்டில் வசதிகள் கூடக்கூட ஓய்வுநிலைச் செலவும் கூடும். டிஸ்க்குகளை இணைக்கும் கூடுதல் சாட்டா சில்லு, இரண்டு லேன் (கம்பிவழி இணையம்) துறைகள், வண்ண விளக்குகள் ஆகிய ஒவ்வொன்றும் ஓரிரு வாட் இழுக்கும். வேண்டியதை மட்டும் கொண்ட சிறிய போர்டைத் தேர்ந்தெடுங்கள். ஏ.எம்.டி. எக்ஸ்570 வகையைச் சேர்ந்த பல போர்டுகளில் சிப்செட் என்ற துணைச் சில்லின் மேலேயே ஒரு சிறு விசிறி இருந்தது. பழைய சரக்கில் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். விசிறி இணைப்புகள் நான்கு முனை உள்ளவையா என்றும், அவற்றின் வேகத்தைப் பயாஸிலேயே வரைந்து அமைக்க முடியுமா என்றும் பாருங்கள்.

ராம் 16 ஜி.பி. போதும். 5600ஜி, ஐ3 ஆகியவற்றில் 8 ஜி.பி. அளவில் இரண்டாகப் போட்டால் உள்ளிணைந்த கிராபிக்ஸ் வேகம் பெறும். மினுமினுக்கும் ராம்களால் இங்கே பயன் எதுவும் இல்லை.

படி 6: எஸ்.எம்.பி.எஸ். என்னும் மறைமுகச் செலவாளி

பட்டியலில் கடைசியாக, மீதிப் பணத்தில் வாங்கும் பொருளாக இதைப் பலர் நினைக்கிறார்கள். சிறு கணினியில் மின்சாரம் வீணாகும் முதல் இடம் இதுதான்.

எஸ்.எம்.பி.எஸ். எவ்வளவு திறனோடு மின்சாரம் தருகிறது என்பதைக் காட்டும் 80 ப்ளஸ் சான்றிதழ் 20, 50, 100 விழுக்காடு சுமைகளில் அளந்து வழங்கப்படுகிறது. அமெரிக்க 115 வோல்ட் அளவீட்டில் ப்ரோன்ஸ் (வெண்கல) வகைக்கு முறையே 82, 85, 82 விழுக்காடும், கோல்டு வகைக்கு 87, 90, 87 விழுக்காடும் திறன் இருக்க வேண்டும். இப்போது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை நம் கணினியில் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். ஓய்வில் கணினி கேட்பது 20 வாட். அது 4 விழுக்காட்டுக்கும் குறைவான சுமை. சான்றிதழ் அளந்த எல்லைக்கு வெகு கீழே, திறன் சரியும் பகுதியில் அது நிற்கிறது. ஆகவே வாட் பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்ற எண்ணத்தில் 650, 750 என்று ஏறிப்போவது இங்கே நேர்மாறான பலனையே தரும்.

மினி பி.சி. வாங்குபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பூட்டுபவர்களுக்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஐ3 அளவிலான கணினிக்கு, வெளியே மடிக்கணினி அடாப்டர், உள்ளே நேர்மின்னோட்டத்தைப் பிரித்துத் தரும் பிகோ பி.எஸ்.யு. வகைச் சிறு பலகை என்ற அமைப்பு மிகச் சிறந்தது. அதில் விசிறியே கிடையாது. அது கிடைக்காவிட்டால், கிடைப்பவற்றில் மிகக் குறைந்த வாட் உள்ள, தரமான கோல்டு வகையை, சுமை குறைந்தபோது விசிறியை நிறுத்திவிடும் அமைப்போடு வாங்கலாம்.

அடாப்டர் எதுவாயினும் அதில் பி.ஐ.எஸ். முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் 105 டிகிரி தரமா, 85 டிகிரி தரமா என்பதையும் விவரப் பட்டியலில் தேடுங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு. கத்தரி வெயில் நாட்களில் நம் அறைகள் எவ்வளவு சூடாகும் என்பதை வைத்து மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

படி 7: சேமிப்பு

இயங்குதளத்துக்கு எஸ்.எஸ்.டி. (சுழலும் பகுதி இல்லாத சேமிப்பு) மட்டுமே. 500 ஜி.பி. அளவில் சாதாரண என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. போதும், மிக வேகமான வகைகள் அதிகம் சூடாகும், வீட்டு வேலையில் அந்த வேகத்தை உணரவும் முடியாது. பெரும்பாலான எஸ்.எஸ்.டி.களின் இயங்கு வெப்ப எல்லை 70 டிகிரி. விசிறியில்லாத பெட்டியில் எஸ்.எஸ்.டி. மதர்போர்டின் அடிப்பக்கம் அடைந்து கிடக்குமானால், பெட்டியின் உலோகத் தகட்டோடு அதைத் தொடவைக்கும் ஒரு தெர்மல் பேட் (வெப்பத்தைக் கடத்தும் மெல்லிய பட்டை) அவசியம்.

பெரிய அளவில் புகைப்படங்களும் காணொளிகளும் சேமிக்க வேண்டுமானால் ஹார்ட் டிஸ்க்கைத் தவிர்ப்பது கடினம். 3.5 அங்குல டிஸ்க் சுழன்றபடி சும்மா இருக்கும்போதே 4 முதல் 6 வாட் இழுக்கும். என்100 கணினி முழுவதும் இழுப்பதில் பாதிக்கும் மேல். அதன் அதிர்வு மேசைப் பலகைக்கு இறங்கி, மேசையே ஒலிக்கத் தொடங்கும். 2.5 அங்குல வகை 1 வாட் அளவில் அடங்கும், சத்தமும் குறைவு. எதுவாயினும் ரப்பர் தாங்கிகளின் மேல் பொருத்தி, பயன்படாத நேரத்தில் சுழற்சி நிற்கும்படி அமைத்துவிடுங்கள். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று எழும்படி அமைப்பது டிஸ்க்குக்குக் கேடு. அரை மணி நேரம் பொருத்தமான இடைவெளி.

படி 8: விசிறி, கேபினட், உப்புக்காற்று

விசிறியின் வேகம் பாதியானால் அதன் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும் என்பதால் இது பெரிய வேறுபாடு. அதனால்தான் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று நிமிடத்துக்கு 700 சுற்றில் ஓடுவது, 80 மில்லிமீட்டர் விசிறி 2000 சுற்றில் ஓடுவதைவிட எவ்வளவோ மேல். ஒரே வகையான இரண்டு விசிறிகள் மிகச் சிறிய வேக வேறுபாட்டில் சுழன்றால், விட்டுவிட்டு எழும் ஒரு விம்மல் கேட்கும்; தொடர்ந்த இரைச்சலைவிட அது எரிச்சலூட்டும். முடிந்தவரை ஒரே விசிறியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஸ்லீவ் பேரிங் உள்ள மலிவு விசிறிகளில் எண்ணெய் நம் வெயிலில் விரைவில் வறண்டு, இரண்டாவது கோடையில் கரகரக்கும். திரவப் பேரிங் உள்ளவற்றை வாங்குங்கள். நாக்டுவா விசிறிகள் சிறந்தவை, விலையும் அதற்கேற்ப இருக்கும். ஆர்க்டிக் பி12 போன்றவை பாதிக்கும் குறைவான விலையில் வீட்டுக்குப் போதுமானவை.

மேலே மின்விசிறி சுழலும் அறையில் கணினியின் சத்தம் கேட்பதே இல்லை, பிறகு இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று கேட்கலாம். பகலுக்கு அது சரி. மார்கழி, தை மாத இரவுகளில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படுக்கும்போதும், இணைய வகுப்பில் ஒலிவாங்கி திறந்திருக்கும்போதும் வேறுபாடு தெரியும்.

இனி, வெளியூர் வழிகாட்டிகளில் அதிகம் காணாத ஒன்று. கடலூரின் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரியின் குருசுக்குப்பத்திலோ சன்னல் கம்பி எத்தனை விரைவில் துருப்பிடிக்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது, படிந்திருக்கும் உப்பு தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடுகிறது. அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். செம்புத் தடங்களையும் திருகுகளையும் அரிக்கும். கடலோரத்தில் இரவு நேர ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி.

இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, காற்றை உள்ளிழுக்காத, அலுமினியப் பெட்டியே ஹீட் சிங்க்காக (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதியாக) அமைந்த விசிறியில்லாக் கணினி கடற்கரை வீட்டுக்கு மிகவும் ஏற்றது. அதன் மேற்பரப்பு அறை வெப்பத்தைவிட 20 டிகிரி வரை கூடலாம். மே மாத நண்பகலில், கடற்காற்று இறங்குமுன், அறை 36 டிகிரியில் இருந்தால் பெட்டி 56 டிகிரியைத் தொடும். கைவைக்க முடியாது என்றாலும் 100 டிகிரிக்கு மேல் தாங்கும் என்100-க்கு அது ஆபத்தில்லை. பூட்டிய அலமாரிக்குள் மட்டும் அதை வைக்கக் கூடாது. நான்கு புறமும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். ஐ3, ரைசன் வகைகளை விசிறியில்லாமல் ஓட்டும் பெரிய ஹீட் சிங்க்குகள் கிடைக்கின்றன. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட அவற்றின் பாராட்டுரைகள் 22 டிகிரி அறையில் அளந்தவை. நம் ஊரில் அந்த அளவுப் பிராசஸர்களுக்கு மெதுவாகச் சுழலும் ஒரு விசிறியை வைப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, விசிறி உள்ள கேபினட்டானால் காற்று நுழையும் வழி ஒன்றே இருக்க வேண்டும், அதில் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி இருக்க வேண்டும். வடிகட்டி தூசியைத் தடுக்கும், உப்பை ஓரளவுதான் தடுக்கும். ஆனால் உப்பும் ஈரமும் தங்குவதற்கு இடம் தருவது தூசிப் படலம்தான்.

மூன்றாவது முடிவு சிலருக்கு வியப்பளிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உட்புறம் அறையைவிடச் சூடாக இருப்பதால் அங்கே ஈரப்பதம் குறைவாக இருக்கும். இரவில் அணைத்த கணினி குளிர்ந்து, அறையின் ஈரத்தை முழுவதும் ஏற்கிறது. 7, 8 வாட் மட்டும் இழுக்கும் கணினியை ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் அணைக்காமல் விடுவது, அதைக் காக்கும் வழிகளில் மலிவான ஒன்று. 60 வாட் கணினிக்கு இந்த அறிவுரையைச் சொல்ல முடியாது. ஊருக்குப் போய் வாரக்கணக்கில் வீட்டைப் பூட்டுபவர்கள், கணினியை ஒரு மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிட்டுச் செல்லலாம்.

இதோடு தொடர்புடைய ஒன்று: திரை வராவிட்டால் ராமைக் கழற்றிப் பென்சில் அழிப்பானால் தேய்ப்பது நம் மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். கடற்கரை ஊர்களில் அது அடிக்கடி பலிக்கவும் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் மெல்லிய தங்கப் பூச்சு கொஞ்சம் போகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மென்துணியில் நனைத்துத் துடைப்பதே சரியான முறை.

படி 9: மானிட்டரும் மின்தடைக் காலமும்

கணினியை 8 வாட்டுக்கு இறக்கிய பின் அருகில் இருக்கும் 24 அங்குல மானிட்டர் 15 முதல் 25 வாட் வரை இழுப்பதைப் பார்க்கும்போது, அடுத்த சேமிப்பு எங்கே என்பது விளங்கும். வாங்கும்போதே குறைந்த வாட் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே உள்ளதில் வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். இரவு அறையில் கண்ணுக்கும் அது இதம்.

2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலுக்குப் பின் மின்சாரம் திரும்பப் பல பகுதிகளில் எத்தனை நாள் ஆயிற்று என்பது இந்தப் பக்கத்து மக்களுக்கு நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலும் அதை நினைவூட்டியது. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1800 வாட் மணி இருக்கிறது. இன்வெர்ட்டர் இழப்பும் பேட்டரியின் வயதும் போகப் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வரும். மானிட்டரோடு 100 வாட் இழுக்கும் அமைப்பை அது பத்து மணி நேரத்துக்குள்தான் தாங்கும். 30 வாட் அமைப்பானால், இன்வெர்ட்டர் தனக்காக இழுப்பதைக் கழித்தும், இரு மடங்குக்கு மேல் நீளும்.

சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், திறன் காரணியைத் திருத்தும் சுற்று கொண்ட பெரிய எஸ்.எம்.பி.எஸ்.கள் சில நேரம் முரண்டு பிடித்து, ரீங்கரிக்கும் அல்லது அணைந்துவிடும். 75 வாட்டுக்கு உட்பட்ட சிறு அடாப்டர்கள் பெரும்பாலானவற்றில் அந்தச் சுற்றே இல்லை என்பதால் அவை தொல்லையின்றி ஓடும். உங்கள் மினி பி.சி. 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவதாக இருந்தால், வைஃபை ரூட்டருக்கு வைக்கும் சிறிய நேர்மின் யு.பி.எஸ். வகையிலேயே, போதிய ஆம்பியர் உள்ள ஒன்றைப் பார்த்து வைக்கலாம். வோல்ட், ஆம்பியர், முனையின் துருவம் ஆகிய மூன்றும் அடாப்டரில் அச்சிட்டவற்றோடு பொருந்த வேண்டும். சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். தான் சும்மா இருப்பதற்கே சில வாட் எடுத்துக்கொள்ளும், அதன் மின்மாற்றி மெல்ல ரீங்கரிக்கவும் கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 10: வாங்குவது, அமைப்பது, அளப்பது

வாங்குமுன் உத்தரவாதச் சேவை மையம் எங்கே என்று கேளுங்கள். புதுச்சேரியில் இருந்தால் கடலூர்க்காரருக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் முடியும். சென்னையில்தான் என்றால் ஒரு நாள் போகும். பெயர் தெரியாத மினி பி.சி.க்கு இருக்கும் பெரிய குறை இதுவே. விலை வேறுபாடு சிறிதானால் சேவை மையம் உள்ள நிறுவனத்தின் பொருளையே வாங்கலாம்.

இயங்குதளத்தை நிறுவும் முன் பயாஸில் செய்ய வேண்டியவை சில உண்டு. பிராசஸரின் ஆழ்ந்த ஓய்வுநிலைகளை, அதாவது சி-நிலைகளை, முழுவதும் அனுமதியுங்கள், சும்மா இருக்கும் உள் இணைப்புகளைத் தூங்கவைக்கும் ஏ.எஸ்.பி.எம். என்ற அமைப்பை இயக்குங்கள். பயன்படுத்தாத துறைகளையும் விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். இஆர்பி என்ற தெரிவை இயக்கினால் அணைத்த கணினி இழுக்கும் மிச்ச வாட்டும் குறையும். உறுப்புகளை வாங்கிப் பூட்டிய கணினிகளில் சி-நிலைகளும் ஏ.எஸ்.பி.எம்.மும் அணைந்தபடியே வருவது உண்டு. இந்த இரண்டு மாற்றங்களால் மட்டுமே ஓய்வுநிலையில் பல வாட் இறங்குவதைக் காணலாம். பிறகு பிராசஸரின் நீடித்த உச்ச அளவை 35 அல்லது 45 வாட்டுக்கு இறக்குங்கள். விசிறியின் வேகக்கோட்டை 60 டிகிரிவரை கிடையாகவும் அதற்குமேல் மெல்ல ஏறும்படியும் வரையுங்கள். வெப்பம் நொடிக்கு நொடி ஏறி இறங்குவதற்கெல்லாம் விசிறி பதிலளிக்காதபடி சில நொடித் தாமதத்தையும் வைத்துவிடுங்கள். லினக்ஸில் பவர்டாப் என்ற கருவி, எந்தச் சாதனம் கணினியைத் தூங்கவிடாமல் எழுப்புகிறது என்று காட்டும். விண்டோஸில் மின் திட்டத்தை ‘சமநிலை’யில் வைத்தால் போதும், ‘உயர் செயல்திறன்’ திட்டம் வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் வாட் மீட்டரைப் பொருத்தி மூன்று அளவுகளை எடுங்கள்: திரை காட்டியபடி பத்து நிமிடம் சும்மா இருக்கும்போது, முழுத்திரையில் யூடியூப் ஓடும்போது, எல்லாக் கோர்களுக்கும் சுமை ஏற்றும்போது. அதே நேரத்தில் பிராசஸரின் வெப்பத்தையும் அறையின் வெப்பத்தையும் குறித்து, தாளைப் பெட்டியின் அடியில் ஒட்டிவையுங்கள். என்100 வகையில் முதல் அளவு 12 வாட்டைத் தாண்டினாலோ, ஐ3 அல்லது 5600ஜி வகையில் 30 வாட்டைத் தாண்டினாலோ ஏதோ ஒரு சாதனம் தூங்க மறுக்கிறது என்று பொருள், யு.எஸ்.பி.யில் செருகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் குற்றவாளி அகப்படும். அடுத்த சித்திரையில் மீண்டும் அளக்கும்போது, அறை வெப்ப வேறுபாட்டைக் கழித்த பின்னும் பிராசஸர் 10 டிகிரிக்கு மேல் சூடேறியிருந்தால், முதலில் வடிகட்டியைக் கழுவுங்கள்; அதன் பின்னும் குறையாவிட்டால் பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே உள்ள தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்.